பதினாலாவது சத்தம்

திருநகர், மதுரை
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாப்பிள்ளை கருத்தக்கண்ணனுக்கு,

அழகுபாண்டி எழுதுவது. இங்கே நானும் தமிழ்ச்செல்வியும் நலம். என் சர்க்கரை என்னைவிட நலமாக இருக்கிறது. ஹொசபேட்டையில் நீங்களும் தங்கை கனகலட்சுமியும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரம் போனில் பத்து நிமிடம் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் முழுவதும் தெரிந்துவிட்டது, உங்களுக்கு மட்டும் தெரியவில்லை. ஆகவே கடிதம்.

நமது மதுரை வட்டாரச் சுரங்க, உலோகப் பொறியாளர் கழகத்துக்கு வரும் பிப்ரவரியில் ஐம்பது வயது நிறைகிறது. பொன்விழா மலரில் கழகத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பை ஏகமனதாக என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏகமனதில் வியப்பில்லை. ஐம்பது ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் படித்து முடித்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு தீர்மானங்கள், அத்தனையும் ஏகமனதாக. 1983இல் ஒரே கூட்டத்தில் இரண்டு தலைவர்களை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

மதுரையைச் சுற்றிச் சுரங்கம் என்று சொல்ல ஜல்லிக் குவாரிகளும் கொஞ்சம் சுண்ணாம்புக் கல்லும்தான். உலோகம் என்று சொல்ல இரண்டு வார்ப்படப் பட்டறைகள். இருந்தும் கழகத்தின் பெயரில் சுரங்கம் முதலில் வருவதா, உலோகம் முதலில் வருவதா என்று பத்து ஆண்டுகள் விவாதித்திருக்கிறோம். மண்ணிலிருந்துதான் எல்லாம் வருகிறது என்பது சுரங்கத்தார் கட்சி. மண்ணைத் தோண்டும் கடப்பாரையே எங்களுடையது என்பது உலோகத்தார் கட்சி. நீங்கள் அப்போது இரண்டு கட்சியிலும் இல்லாமல் வடை தின்றுகொண்டிருந்தீர்கள். அது குறிப்பில் இல்லை. என் ஞாபகத்தில் இருக்கிறது.

ஞாபகத்தை ஆதாரமாகக் கொள்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். முன்னாள் தலைவர்கள் இருவர், கழகத்துக்கு இரும்பு பீரோ வாங்கிக் கொடுத்தது தாங்கள்தான் என்று தனித்தனியே போனில் சொன்னார்கள். பீரோ ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே நானே ஒரு விதியை முன்மொழிந்தேன்: தபாலில் வந்து, கையொப்பத்தோடு, வரவுப் பதிவேட்டில் எண் ஏறிய கடிதம் மட்டுமே வரலாற்றுக்கு ஆதாரம். வாட்ஸ்அப், போன், நேரில் கையில் கொடுப்பது எதுவும் செல்லாது. செயலாளர் சூரியபிரகாஷ் சின்ன வயதுக்காரர், விதியென்றால் விதி.

நீங்கள் 1985 முதல் உறுப்பினர். உங்கள் தொழில்நுட்ப நினைவுகளை இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். உங்களைப் பற்றி, '1997இல் வேலை நிமித்தமாக வெளிமாநிலம் சென்றார்' என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

விழாவில் எனக்கு வாழ்நாள் சாதனையாளர் கேடயம் கொடுக்கப்போகிறார்கள். தமிழ்ச்செல்வியிடம் சொன்னேன். "ஏற்கெனவே ஒன்பது கேடயம் கெடக்கு. தொடைக்கிறது நானு, வாங்குறது நீங்களா?" என்றாள்.

கனகத்துக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பதில் தபாலில் வரட்டும்.

உங்கள் மச்சான்,
அழகுபாண்டி


ஹொசபேட்டை
29 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

கருத்தக்கண்ணன் வணக்கம். இங்கே மண் சிவப்பு, துவைத்த வேட்டியும் சிவப்பு, மற்றபடி சுகம். கனகத்துக்கு முழங்கால் வலி. பெங்களூரில் மகள் பவதாரிணி நன்றாக இருக்கிறாள். உங்கள் சர்க்கரையை அளவோடு வையுங்கள்.

போனில் கத்தியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்குக் காது மந்தம் என்று 1997இல் கழகம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட என் காதுக்கு இருபது வருடம் பிடித்தது. இப்போது முழுவதும் கட்டுப்பட்டுவிட்டது.

தொழில்நுட்ப நினைவு கேட்டீர்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். இரண்டு பக்கம் வராது.

20 நவம்பர் 1996, மாலை ஐந்தரை மணி. மேலூர் ரோட்டுக் குவாரியில் நான் வெடிப் பொறுப்பாளர், நீங்கள் உதவி மேலாளர். பதினான்கு குழிக்குத் திரி வைத்தேன். திரி வெடியில் சத்தத்தை எண்ண வேண்டும் என்பது முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம். எத்தனை குழியோ அத்தனை சத்தம். குறைந்தால் ஒரு குழி வெடிக்காமல் மருந்தோடு கிடக்கிறது என்று அர்த்தம். அதன் அருகில் யாரும் துளை போடக் கூடாது. அன்று நான் எண்ணியது பதின்மூன்று.

மறுநாள் காலை அங்கே துளை போட்டவருக்கு வலது கையும் ஒரு கண்ணும் போயின. எனக்குக் காது சரியில்லாததால் பதின்மூன்றைப் பதினான்கு என்று எண்ணிவிட்டேன் என்று கழகம் விசாரித்துக் கண்டுபிடித்து, என்னை நீக்கியது. கம்பெனியும் அனுப்பிவிட்டது.

ஆகவே 'வேலை நிமித்தமாக' என்ற வரியை அடித்துவிடுங்கள். நீக்கப்பட்டான் என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை. அதன் கீழே ஒரு வரி: அவன் சரியாகத்தான் எண்ணினான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தங்கை கும்பிடு சொல்கிறாள்.

இப்படிக்கு,
கருத்தக்கண்ணன்


திருநகர்
16 செப்டம்பர் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. கனகத்தின் முழங்காலுக்கு இங்கே தைலம் ஒன்று இருக்கிறது. ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். நாங்கள் சுகம்.

மலர் வேலை மும்முரம். அட்டையில் சுரங்கத்தின் படமா, உலைக்களத்தின் படமா என்று மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் மீனாட்சியம்மன் கோபுரத்தைப் போடுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. கோபுரம் கல்லால் ஆனது, கலசம் உலோகம். இரு தரப்பும் திருப்தி.

கல்வெட்டும் வைக்கிறோம். அதில் பெயர்களை அகர வரிசையில் போடுவதா, பதவி வரிசையில் போடுவதா என்று கேள்வி. முன்னாள் தலைவர் ராஜபாண்டி, "அகர வரிசைன்னா இந்த அழகு மொதல்ல வந்துருவாருய்யா" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். ஆகவே பதவி வரிசை.

நீங்கள் கேட்ட வரி பற்றி: 1997 விசாரணைக் கோப்பைத் தேடினேன். அந்த ஆண்டுப் பெட்டியில் கரையான் ஏறியிருக்கிறது. ஆதாரம் இல்லாமல் எழுதினால் நம் விதியை நாமே மீறியதாகும். மற்றபடி எனக்கு ஒரு தடையும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

மழை நேரம், ஜாக்கிரதையாக இருங்கள்.

அன்புடன்,
அழகுபாண்டி


ஹொசபேட்டை
1 அக்டோபர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். தைலம் வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது.

கரையான் தின்ற அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. ஹொசபேட்டைக் கரையானுக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது. எட்டுப் பக்கம், குறிப்பெடுத்தவர் நீங்கள், கடைசி வரி 'ஏகமனதாக'. நகலின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஏழாம் பத்தியைப் பாருங்கள். 'ஒரு சத்தம் குறைந்தது தெரிந்திருந்தால் யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்று உறுப்பினர் பதிலளித்தார்.' இது உண்மை. அப்படித்தான் பதிலளித்தேன்.

ஞாபகம் இருந்தது. அன்று மாலை பதிவுப் புத்தகம் மேலாளர் மேசைக்குள் பூட்டிக் கிடந்தது. வெடிக்காத குழியைச் சுற்றிக் கல்லை அடுக்கி வட்டம் போட்டுவிட்டு, ஒரு சீட்டில் எழுதினேன். பிரசவத்துக்காக உசிலம்பட்டியில் இருந்த கனகத்துக்கு வலி கண்டிருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு, பஸ் ஏறப் போகும் வழியில், குவாரிக் கேட்டில் வைத்துச் சீட்டைக் கொடுத்தேன். யாரிடம் கொடுத்தேன் என்று விசாரணையில் சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் சொல்லவில்லை. இதை உங்கள் வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன், கழகத்துக்கு அல்ல. இதற்கு எண் போட வேண்டியதில்லை.

புத்தகத்தில் எழுதாமல் சீட்டில் எழுதியது என் தப்பு. அதை நீங்கள் அச்சிலேயே போடலாம்.

இன்னொன்று. எட்டுப் பக்கத்திலும் கை போனவரின் பெயர் இல்லை. 'துளையிடும் தொழிலாளி ஒருவர்' என்றே இருக்கிறது. உங்கள் கையெழுத்துப் பிரதியிலாவது சங்கிலி என்ற பெயர் இருக்கிறதா? பார்த்து எழுதுங்கள். தீபாவளி வாழ்த்து.

இப்படிக்கு,
கருத்தக்கண்ணன்


திருநகர்
20 டிசம்பர் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. தீபாவளி, பிறகு மழை, பிறகு தமிழ்ச்செல்விக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு. இப்போது இருவரும் தேறிவிட்டோம். அங்கே எல்லோரும் சுகம்தானே?

விழா பிப்ரவரி 16, ஞாயிறு. மண்டபம் பதிவாகிவிட்டது. மதியம் சைவமா அசைவமா என்பது ஐந்தாவது கூட்டத்தில் முடிந்தது: இரண்டும். வரவேற்புரை பத்து நிமிடம், நன்றியுரை பதினைந்து நிமிடம், கழக வரலாறு ஐந்து நிமிடம். கேடயத்தின் மாதிரியைக் காட்டினார்கள். ஒரு பாறை, அதன் மேல் ஒரு சம்மட்டி, அடியில் என் பெயர். எழுத்துப் பிழை ஏதும் இல்லை.

நீங்கள் கேட்ட பெயர் எந்தப் பிரதியிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தபோது சங்கிலியைப் பார்த்தேன். அங்கே ஒரு கல்லூரியில் வாட்ச்மேனாக இருக்கிறார். வீட்டுக்குக் கூட்டிப் போய் டீ கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். போன வாரமும் அந்தப் பக்கம் வேலை இருந்தது, மறுபடி பார்த்தேன். அப்போதும் மழையைப் பற்றித்தான் பேசினோம். இந்த வருடம் நல்ல மழை.

கனகத்துக்குப் பொங்கல் சேலை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எடுத்தது நானே. தமிழ்ச்செல்வி விலையைப் பார்த்துவிட்டு, "என்னங்க இம்புட்டு வெலையில? தங்கச்சிக்கு மறுபடியும் கல்யாணமா?" என்றாள்.

எல்லோருக்கும் என் ஆசிகள்.

அழகுபாண்டி


ஹொசபேட்டை
4 ஜனவரி 2025
(அஞ்சலட்டை)

மச்சானுக்கு, நலம். சேலை வந்தது. கனகம், "எங்கண்ணன் இருக்க வரைக்கும் எனக்கென்ன" என்று தெருவுக்கே காட்டிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் கடிதம் இரண்டு பக்கம். சாப்பாடு, கேடயம், மழை எல்லாம் இருந்தது. சீட்டு இல்லை. சங்கிலிக்குக் கல்லூரி முகவரியில் நானும் எழுதியிருக்கிறேன். கையொப்பமிட்டுத் தபாலில் வந்தால் யார் கடிதமானாலும் செல்லும் என்பதுதானே உங்கள் விதி? உறுப்பினராக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. பொங்கல் வாழ்த்து. – க.


ஒத்தக்கடை
22 ஜனவரி 2025

இன்ஜினியர் சங்கத்துல சரித்திரம் எழுதுற அழகுபாண்டி சாருக்கு,

சங்கிலி சொல்லச் சொல்ல மக செல்லக்கிளி எழுதுறது. நாங்க நல்லாருக்கோம், நீங்களும் ஒங்க வீட்டம்மாவும் நல்லாருக்கணும்.

ரெண்டு வாட்டி வீட்டுக்கு வந்து, டீ குடிச்சுட்டு, மழையப் பத்திப் பேசிட்டுப் போனீக. "இந்தாளு என்னத்துக்குய்யா வாராரு, நெலம் கிலம் பாக்குறாரா?"ன்னு எம்பொஞ்சாதி கேட்டா. எனக்குத் தெரியும். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். கருத்தக்கண்ணன் சார் லெட்டர் போட்டு, நீ பாத்தத நீ எழுதுப்பான்னாரு. அதனால சொல்றேன்.

அன்னைக்குக் காலையில நான் கேட்டுக்குப் பக்கத்துல ட்ரில்லுக்கு ஆயில் ஊத்திக்கிட்டு இருந்தேன். கருத்தக்கண்ணன் சார் ஒரு சீட்டக் கொண்டாந்து, "மச்சான், மொதல்ல இதப் படிங்க"ன்னு ஒங்க கையில குடுத்தாரு. நீங்க, "போங்க மாப்ள, பஸ்ஸு போயிரும், தங்கச்சிய மொதல்ல பாருங்க"ன்னீக. அது நல்ல வார்த்ததான். ஆனா சீட்டப் படிக்கல. கையில வச்சிருந்த பெரிய காயிதத்துக்குள்ள சொருகிட்டீக.

வடக்கால கல்லு வட்டம் போட்டுக் கெடந்துச்சு. என்ன சார் இதுன்னு கேட்டேன். நீங்க அந்தப் பெரிய காயிதத்த வாய்க்குள்ளயே படிச்சுக்கிட்டு நடந்தீக. பரிச்சைக்குப் போற பிள்ள மாதிரி. "கல்ல எடுத்துப் போட்டுட்டு வேலயப் பாருப்பா, சாயந்தரம் லோடு போகணும்"னீக. எடுத்துப் போட்டேன்.

ஒங்க விசாரண நடந்த அன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக் கட்டோட மண்டபத்து வாசல்லதான் நின்னேன். உள்ள போயிச் சொல்லுவோம்னு போனா, மெம்பரான்னு கேட்டாக. இல்லன்னேன். அப்ப உள்ள விடமாட்டோம்னாக. நான் இப்பப் பாக்குற வேலயும் அதான் சார். கார்டு இல்லாதவன உள்ள விடமாட்டேன். அதனால அவுக மேல கோவமில்ல.

கேசு, காசு ஒன்னும் எனக்கு வேணாம். கம்பெனியே இல்ல இப்ப. ஒன்னே ஒன்னு. அந்தச் சீட்டுல என்னதான் எழுதியிருந்துச்சு? இருபத்தெட்டு வருசமா அதத்தான் யோசிக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது. யாராச்சும் வாசிச்சுச் சொன்னாப் போதும்.

வலது கை இல்லாததால இடது கைக் கையெழுத்து. ரெண்டு வாரமாப் பழகுனது, நல்லாருக்கான்னு பாருங்க.

சங்கிலி


திருநகர்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தங்கை கனகலட்சுமிக்கும்,

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்கும்போது இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும். உறையின் மேல் இரண்டு பேர் பெயரையும் எழுதியிருக்கிறேன். யார் முதலில் பிரித்தாலும் சரி.

சங்கிலி எழுதிய கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். அதில் உள்ளது அத்தனையும் உண்மை. மீதியை நான் எழுதுகிறேன்.

அன்று பாதுகாப்பு வாரத்துக்காகக் கழகம் மதுரையில் ஒரு ஓட்டலில் கருத்தரங்கு வைத்திருந்தது. 'குவாரிகளில் பாதுகாப்பு உணர்வை வளர்ப்பது எப்படி' என்பது என் கட்டுரை. ஏழு பக்கம். அதைத்தான் வாய்க்குள் படித்துக்கொண்டு நடந்தேன். எட்டரைக்குக் குவாரியிலிருந்து கிளம்பினேன். பதினொன்றே காலுக்கு மேடை ஏறினேன். மூன்றாம் பக்கத்தைத் திருப்பியபோது சீட்டு இருந்தது, உங்கள் கையெழுத்தில்:

'14இல் 13தான் கேட்டது. வடக்கு வரிசை, கடைசிக் குழி. கல் வட்டம் போட்டிருக்கிறேன். யாரையும் விடாதீர்கள். சங்கிலியிடம் முதலில் சொல்லுங்கள். – க.'

குழி வெடித்தது ஒன்பது நாற்பதுக்கு. நான் இறங்கி ஓடியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஆனால் அது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே மீதி நான்கு பக்கத்தையும் வாசித்தேன். கைதட்டினார்கள். கேடயம் கொடுத்தார்கள். வீட்டில் இருக்கும் ஒன்பதில் அது மூன்றாவது. பிறகுதான் ஓட்டல்காரரின் போனில் செய்தி வந்தது.

விசாரணையில் நீங்கள் ஞாபகம் இல்லை என்றீர்கள். யாருக்காகச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு அப்போது இரண்டாவது முறை நெஞ்சு வலி வந்திருந்தது, கனகம் கைக்குழந்தையோடு அவர் பக்கத்தில் இருந்தாள். நான் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். 'ஏகமனதாக' என்று எழுதியதும் நான்தான்.

சங்கிலியின் கடிதம் வரவு எண் 46. சீட்டைக் கழகத்துக்குக் கொண்டு போய்ச் சூரியபிரகாஷிடம் நீட்டினேன். "சார், நேர்ல குடுத்தா ஆதாரமில்ல. நீங்க போட்ட ரூல்தான்" என்றார். ஆகவே திருநகர் தபாலாபீசுக்குப் போய், சீட்டின் நகலோடு, நடந்ததை எல்லாம் எழுதிக் கையொப்பமிட்டு, 'வரலாற்றாசிரியர், பொறியாளர் கழகம்' என்று எனக்கு நானே பதிவுத் தபால் அனுப்பினேன். மூன்றாம் நாள் அதை நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வரவு எண் 47. தபால்காரர் அனுப்புநர் பெயரையும் பெறுநர் பெயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா சார்?" என்று கேட்டார்.

நேற்று மலர்க்குழு கூடியது. சூரியபிரகாஷ் இரண்டு கடிதங்களையும் சத்தமாக வாசித்தார். ராஜபாண்டிதான் முதலில் பேசினார். "ஏன் அழகு, இம்புட்டு வருசம் வச்சிருந்தவருக்கு இன்னும் ரெண்டு வாரம் வச்சிருக்க முடியாதா? விழா முடிஞ்சிருக்கும்ல?" பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். முப்பது ஆண்டு ஆகாத எதுவும் வரலாறு ஆகாது, அது வெறும் செய்தி. ஆகவே கழகத்தின் வரலாறு 1994 டிசம்பரோடு முடிகிறது. எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. 1997இல் வந்த பீரோவை யார் வாங்கிக் கொடுத்தது என்ற சண்டையும் அதோடு தீர்ந்தது.

சூரியபிரகாஷ் பேனாவை எடுத்து, "ஏகமனதாகத்தானே சார்?" என்றார். நான் கையைத் தூக்கினேன். தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்து ஒருவர் பாட்டிலை நகர்த்தினார். "இல்லை, எனக்குச் சம்மதமில்லை" என்றேன்.

கழகத்தில் இப்படி நடந்ததில்லை என்பதால் எப்படி எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. விதிப் புத்தகத்தைத் தேடினார்கள். பத்தொன்பதாம் விதி: சம்மதிக்காத உறுப்பினர் தம் காரணத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் தாமே, முழுமையாக எழுத வேண்டும், அதை யாரும் அடிக்கவோ திருத்தவோ கூடாது. நம்மைத் தொடங்கியவர்கள் நம்மை எவ்வளவு தப்பாக எடைபோட்டிருக்கிறார்கள் பாருங்கள். ஐந்து பக்கம் எழுதினேன். முதல் வரியில் சங்கிலி என்று பெயரைப் போட்டேன். நீங்கள் பதின்மூன்று என்று சரியாக எண்ணியதை எழுதினேன். சீட்டு யார் கையில் இருந்தது என்று எழுதினேன். காத்திருந்தவர்களுக்கு டிபனுக்கு வந்த பொங்கல் ஆறிப்போயிற்று. மலரை யாரும் ஒரு வருடம் கழித்துத் திறக்க மாட்டார்கள். குறிப்பேடு, கழகம் உள்ளவரை பீரோவில் இருக்கும்.

கேடயம் ராஜபாண்டிக்குப் போகிறது. பெயரை மட்டும் மாற்றி ஒட்டுகிறார்கள்.

நேற்று மாலை சீட்டை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடைக்குப் போனேன். சங்கிலி நாற்காலி போட்டார். சட்டைப் பையில் கை வைத்தேன். 'சங்கிலியிடம் முதலில் சொல்லுங்கள்' என்ற வரியை அவரிடம் வாசிக்க என்னால் முடியவில்லை. இரண்டு வாய் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். இந்த முறை மழையைப் பற்றியும் பேசவில்லை.

கனகம், உன்னிடம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அழகுபாண்டி


ஹொசபேட்டை
24 மார்ச் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். ஏழு வாரம் பதில் போடாததற்குக் காரணம் மழையும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

உறையை முதலில் பிரித்தது கனகம். படித்துவிட்டு மடித்து என் முன்னால் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போனாள். மூன்று நாள் பேசவில்லை. எனக்குத்தான் காது கேட்காதே, பேசாமல் இருந்தால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். வித்தியாசம் தெரிந்தது. நான்காம் நாள் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"எங்கண்ணன் மறச்சாரு, சரி. நீங்க எதுக்கு மறச்சீக? என்னய என்னன்னு நெனச்சீக ரெண்டு பேரும்? வெடிக்காத குழின்னா? இருபத்தெட்டு வருசமா என்னயச் சுத்திக் கல்லு வட்டம் போட்டு வச்சிருக்கீக."

அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் நேரில் சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய பொங்கல் சேலையை அவள் இன்னும் உடுத்தவில்லை. திருப்பி அனுப்பவும் இல்லை. பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சூரியபிரகாஷ் மலரை அனுப்பியிருந்தார். கோபுரம் நன்றாக விழுந்திருக்கிறது. வரலாறு 1994 டிசம்பரில், 'இவ்வாறாகக் கழகம் நாளொரு மேனியாக வளர்ந்து வருகிறது' என்று முடிகிறது. மலருக்குள் குறிப்பேட்டின் ஐந்து பக்கத்தையும் நகலெடுத்து மடித்து வைத்திருந்தார். கூடவே ஒரு துண்டுத் தாள்: 'ஐயா, தீர்மானம் 619. ஒருவர் சம்மதிக்கவில்லை.' அந்தப் பிள்ளை தேறிவிடுவார்.

ஐந்து பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். ஒரே ஒரு திருத்தம். பதிவுப் புத்தகத்தில் எழுதாதது என் தப்பு என்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். எனக்குச் சலுகை காட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைத் தனியாக எழுதி, கையொப்பமிட்டு, கழகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எண் 48 ஆக இருக்கும்.

ஏப்ரல் 12, சனிக்கிழமை வருகிறோம். திருச்சி வரை ரயில், அங்கிருந்து மேலூர் வழியாகப் பஸ். கனகம் திருநகருக்கு வருவதாக இன்னும் சொல்லவில்லை. ஆனால் டிக்கெட்டை அவள்தான் எடுக்கச் சொன்னாள். நாங்கள் முதலில் இறங்குவது ஒத்தக்கடையில். சங்கிலிக்கு எழுதிவிட்டேன். காலை பத்து மணிக்கு நீங்களும் அங்கே வந்துவிடுங்கள்.

சீட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள். நகல் வேண்டாம். எழுதியவன் நான், நானே அவருக்கு வாசிக்கிறேன். என் சத்தம் எவ்வளவு என்று எனக்கே இப்போது தெரிவதில்லை. தெரு முழுக்கக் கேட்கும். கேட்கட்டும்.

நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை,
கருத்தக்கண்ணன்